ஓடி வந்தவனுக்கு நடுகல்

புது ஆர்ட்லாகன்,
கேப் பிரெட்டன், கனடா.
3 நவம்பர் 1919

அன்புள்ள மார்சலி அக்காவுக்கு,

தம்பி லாக்லன் எழுதுவது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் கடலில் விழுந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். முகம் பார்த்ததில்லை என்றாலும், நம் தாத்தாக்கள் கூடப் பிறந்தவர்கள் என்பதை நினைத்தாவது நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

விஷயம் பழையதுதான். வரும் ஏப்ரல் பதினாறாம் தேதி கல்லோடன் நாள், நம் மலைநாட்டார் அரசரின் படையிடம் கடைசியாகத் தோற்ற நாள். வருடா வருடம் இங்கே கோயில் கூடத்தில் கூடுகிறோம். பிள்ளைகள் வரிசையாக நின்று தேதிகளை ஒப்பிப்பார்கள்: 1689 கில்லிக்ராங்கி, 1715 ஷெரிஃப்மூர், 1745 ஆகஸ்ட் பத்தொன்பது அரியணை உரிமை கேட்டு வந்த நம் இளவரசர் கிளென்ஃபினனில் கொடி ஏற்றியது, 1746 ஏப்ரல் பதினாறு கல்லோடன் களத்தில் எல்லாம் முடிந்தது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதில் பாதியாவது தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம். பிறகு தலைவன் என்ற முறையில் நான் எழுந்து என் வம்சத்தைச் சொல்வேன். லாக்லன், ஹியூவின் மகன். ஹியூ, அலஸ்டரின் மகன். அலஸ்டர், இயனின் மகன். இயன், பொன்முடி யூவனின் மகன். பதினெட்டு வயதில், கல்யாணம்கூட ஆகாமல், கல்லோடனில் வாளோடு வீழ்ந்த யூவன். அந்த இடத்தில் கூடம் அப்படியே அமைதியாகிவிடும்.

அவனுக்கு நம் பூர்வீக ஊரான ஆர்ட்லாகனில் ஒரு கல் இல்லை என்பது அசிங்கம். பணத்தை உங்கள் பங்குச் சாமியார் பெயருக்கு ஆகஸ்டிலேயே அனுப்பிவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் நல்ல கருங்கல்லாக நட்டு, நான் எழுதியனுப்பியபடி வெட்ட வேண்டும்: 'பொன்முடி யூவன். கல்லோடனில் வீழ்ந்தான். 16 ஏப்ரல் 1746.' ஏப்ரலுக்கு முன் ஒரு போட்டோ எனக்கு வந்து சேர வேண்டும். கூடத்தில் மாட்டுவதற்கு ஆணிகூட அடித்தாகிவிட்டது.

இங்கே எல்லோரும் நலம்.

உன் தம்பி,
லாக்லன்

*

ஆர்ட்லாகன்,
1 டிசம்பர் 1919

லாக்லன் தம்பிக்கு,

உன் கடிதங்கள் கடலில் விழவில்லை. மூன்றும் அடுப்படி மாடத்தில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு தடவை எடுத்துப் படிக்கும்போதும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் திரும்ப வைத்துவிட்டேன். இங்கே மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்கு பாதி அழுகல், ஆடு இரண்டு பாறையிலிருந்து விழுந்தன. அதற்கு நடுவில் நீ கல்லு கல்லு என்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. யூவன் கல்யாணம் ஆகாமல் பதினெட்டு வயதில் செத்தான் என்கிறாய். அடுத்த மூச்சில் இயன் அவனுடைய மகன் என்கிறாய். இயன் பிறந்தது 1766. இங்கே கோயில் சுவர் ஓரம் அவர் கல்லிலேயே வெட்டியிருக்கிறது. செத்து இருபது வருடம் கழித்துப் பிள்ளை பெற்ற வீரன் நம் குலத்தில் மட்டும்தான் இருப்பான் போலிருக்கிறது. அத்தனை பேர் கூடிய கூடத்தில், வருடா வருடம், ஒருவருக்குக்கூட விரல் விட்டு எண்ணத் தோன்றவில்லையா? தேதியை ஒரு மூச்சிலும் வம்சத்தை ஒரு மூச்சிலும் ஒப்பித்தால் இப்படித்தான் ஆகும்.

பொன்முடி யூவன் கல்லோடனில் வீழவில்லை. திரும்பி ஓடி வந்தான். மலை மேல் மலையாக ஏறி இறங்கி வீட்டுக்கு வந்து, ஒளிந்து கிடந்து, பிறகு கல்யாணம் பண்ணி, பிள்ளை குட்டி பெற்று, பல்லெல்லாம் போன பிறகு கஞ்சிக் கிண்ணத்தோடு செத்தான். அவன் குழி இங்கேதான் இருக்கிறது, தலைமாட்டில் பெயரில்லாத ஒரு கரட்டுக் கல்லோடு. உங்கள் தாத்தா கப்பல் ஏறும்போது நம் வீட்டுப் பட்டப் பெயரைக் கரையிலேயே விட்டுவிட்டார் போலிருக்கிறது. இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப் பெயர் உண்டு என்பதாவது தெரியுமா? நமக்கு என்ன தெரியுமா? 'ஓட்டக்காரன் வீட்டார்.' இன்றைக்கும் கடைக்காரன் என்னை, "என்ன, ஓட்டக்காரன் வீட்டு மார்சலி, சர்க்கரை வேணுமா?" என்றுதான் கேட்கிறான்.

ஆகவே நீ சொன்ன வார்த்தைகளைக் கல்லில் வெட்ட முடியாது. குழிக்குள் கிடக்கிறவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

எல்லோரும் நலம் என்று மூன்று கடிதத்திலும் எழுதினாய். உன் மகன் யூவன் எப்படி இருக்கிறான்? 1917 பனிக்காலத்தில் பட்டாளத்து லீவில் இங்கே வந்து என்னோடு தங்கிவிட்டுப் போனானே, கூரை வேய்ந்து கொடுத்தானே, அந்தப் பையன். போர் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. அவன் பெயரை நீ எழுதவே இல்லை.

அக்கா,
மார்சலி

*

புது ஆர்ட்லாகன்,
29 டிசம்பர் 1919

மார்சலி அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உன் கடிதம் வந்தது. நல்ல பரிசு.

நீ எழுதியதை நான் நம்பவில்லை. 1766 என்பது கல் வெட்டியவனின் பிழையாக இருக்கலாம். பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் வைத்த பட்டப் பெயரை நீ மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிறாய். இங்கே நாங்கள் காட்டை வெட்டி, பனியில் விறைத்து, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு ஊரை எழுப்பினோம். எங்கள் கையில் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். புறமுதுகு காட்டி ஓடியவனின் வம்சம் என்று தெரிந்திருந்தால் என் தாத்தா இந்தக் குளிரில் ஒரு மரத்தைக்கூட வெட்டியிருக்க மாட்டார்.

கல்லுக்குப் பணம் கொடுத்தவன் நான். நான் சொன்னபடி வெட்டு. உனக்கு மனமில்லையென்றால் சாமியாரிடம் சொல், அவரே பார்த்துக்கொள்வார்.

நீ கேட்ட இன்னொரு கேள்விக்குப் பதில்: அந்தப் பெயரில் எனக்கு இப்போது மகன் இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்காதே.

லாக்லன்

*

ஆர்ட்லாகன்,
25 ஜனவரி 1920

லாக்லனுக்கு,

சாமியாரிடம் சொன்னேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓட்டக்காரன் கல்லோடன்ல செத்தான்னு நான் கல்லுல வெட்டினா, அடுத்த ஞாயித்துக்கிழமை என் பிரசங்கத்த எவன் நம்புவான்?" என்றார். பணம் அவரிடம் பத்திரமாக இருக்கிறது.

இப்போது நீ கேட்காதே என்ற விஷயத்துக்கு வருகிறேன். எவ்வளவு நேரம்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பாய்?

உன் மகன் எனக்கு எழுதியிருக்கிறான். போன வாரம் வந்தது. கிளேஸ் பே சுரங்கத்தில் நிலக்கரி வெட்டுகிறானாம், மாக்னீல் விதவை ஒருத்தியின் வீட்டு மாடியில் தங்கியிருக்கிறானாம். உன் வாசலிலிருந்து ரயிலில் ஒரு நாள் தூரம். பெரிய கடிதம் இல்லை. தன்னைப் பற்றி இரண்டே வரி. மீதியெல்லாம் தான் வேய்ந்த கூரை ஒழுகுகிறதா, மேற்கு மூலையில் கயிறு இற்றுப்போயிருக்கும், மாற்றச் சொல்லு, அந்தக் கிழட்டுப் பசு இருக்கிறதா என்ற விசாரிப்புதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உன் வேலி வரைக்கும் வந்தானாம். ஜன்னலில் விளக்கு தெரிந்ததாம். நாய் ஓடி வந்து அவன் கையை நக்கியதாம். உள்ளேயிருந்து நீ நாயைக் கூப்பிட்டாயாம். நாயை அனுப்பிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான்.

அன்றைக்கு ராத்திரி நீ கூப்பிட்டது நாயை மட்டும்தான், லாக்லன்.

என்ன நடந்தது என்று அவன் எழுதவில்லை. எனக்கு ஊகம் இருக்கிறது. ஆனால் என்ன நடந்திருந்தாலும் அவன் உயிரோடு இருக்கிறான், கஞ்சி குடிக்கிறான், கூரைக் கயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறான். என் மகன் நீல் லூஸ் என்ற ஊரில் நடந்த சண்டைக்குப் போய் ஐந்தாவது வருடம் நடக்கிறது. உடம்பும் கிடைக்கவில்லை, தொப்பியும் கிடைக்கவில்லை. இப்போது ஊரில் போர் நினைவுத் தூண் எழுப்பப் போகிறார்கள். கமிட்டிக்காரர்கள் வந்து, "பேரச் சொல்லுங்க, செத்த தேதியச் சொல்லுங்க" என்றார்கள். பட்டாளத்தார் அனுப்பிய தாளில் செப்டம்பர் இருபத்தைந்துக்கும் இருபத்தேழுக்கும் நடுவில் என்று இருக்கிறது. நடுவில் என்றால் எப்போது? எந்த நாளுக்கு நான் பூசை வைப்பது? தேதி தெரியாமல் பெயர் தர மாட்டேன் என்று அனுப்பிவிட்டேன்.

நீ நூற்றெழுபது வருடத்துக்கு முந்திய தேதிக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு எரிச்சலாக வருகிறது.

மார்சலி

*

புது ஆர்ட்லாகன்,
19 பிப்ரவரி 1920

மார்சலி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். எப்படி எழுதினாலும் கோபமாகத்தான் வருகிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

நடந்ததைத் தெரிந்துகொள். 1918 ஆகஸ்ட் மாதம். விடியற்காலை எல்லோரும் முன்னே போகும்போது உன் செல்லப் பிள்ளை துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி வந்தான். ஓடக்கூட இல்லையாம், நடந்தானாம். வழக்கு விசாரித்த அதிகாரியிடம் காரணம்கூடச் சொல்லவில்லை. சுட்டிருக்க வேண்டியவர்கள் சிறையோடு விட்டார்கள். போன கோடையில் வெளியே வந்தான். வந்த அன்றைக்கு நான் கதவைத் திறக்கவில்லை. இதுதான் நலம். போதுமா?

அதே காலையில், அதே வரிசையில், எங்கள் பக்கத்து வீட்டு டூகலின் மகன் ஆலன் செத்தான். இரண்டு பிள்ளைகளும் ஒரே தொட்டிலில் கிடந்தவர்கள், ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாமியார் செத்தவர்கள் பெயரை வாசிக்கிறார். ஆலன் பெயர் வரும்போது டூகல் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளும் அவன் என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை. என் மகனை வீட்டுக்குள் விட்டு அவனுக்குக் கஞ்சி ஊற்றினால், அந்தப் புகை டூகல் வீட்டுக் கூரை மேலே போகுமே, அக்கா. நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பேன்? என் மனைவி ஷோனட் ஜூலையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து இது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. அவன் இங்கிருந்து போகும்போது கல்லோடன் வீரனின் பேரனாகப் போனான். உன் வீட்டில் இரண்டு வாரம் தங்கினான். நீ அவனிடம் அந்தக் கதையைச் சொன்னாய், இல்லையா? ஓடினவன் கதையை? அடுத்த வருடமே அவனும் திரும்பி நடந்தான். அவன் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிப் போட்டவள் நீதான் என்று நான் சொன்னால் நீ என்ன பதில் சொல்வாய்?

லாக்லன்

*

ஆர்ட்லாகன்,
15 மார்ச் 1920

லாக்லன்,

பதில் சொல்கிறேன். ஆமாம், சொன்னேன்.

அவனாகத்தான் கேட்டான். கடைக்குப் போய்விட்டு வந்து, "அத்தை, எல்லாரும் என்ன ஓட்டக்காரன் வீட்டுப் பையன்னு கூப்புடுறாங்க, ஏன்?" என்றான். விறகுக்குப் பதிலாக எரிக்கிற சதுப்பு மண் கட்டியை அடுப்பில் போட்டுக்கொண்டே எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன், ஏனென்றால் உன் தாத்தா கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது பாதிக் கதை.

பொன்முடி யூவன் வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் கல்லோடனுக்குப் போனார்கள். ஆலங்கட்டி மழை முகத்தில் அடித்துக்கொண்டிருந்ததாம், பீரங்கிப் புகையில் கண் தெரியவில்லையாம். பெரியவன் முதலில் விழுந்தான். நடுவுள்ளவன் அவனைத் தூக்கக் குனிந்தபோது விழுந்தான். கடைசியில் நின்ற பதினெட்டு வயதுப் பையன் திரும்பி ஓடினான். மலையில் பச்சைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஓடி வந்து, ஒரு நாள் காலையில் ஊர் முனையில் நின்றான். பின்னாலேயே அரசரின் செஞ்சட்டைச் சிப்பாய்கள் வீடு வீடாகக் கொளுத்திக்கொண்டு வருகிறார்கள். பையன் வாசலுக்கு வர வெட்கப்பட்டு ஆற்றோரமாகவே நின்றானாம். அண்ணன்கள் இல்லாமல் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்று.

அம்மா பார்த்துவிட்டாள். தலைத்துணி நழுவ ஓடினாள். ஊரெல்லாம் கேட்கும்படி கத்தினாள்: "ஏய், வந்து பாருங்க, என் ஓட்டக்காரன் வந்துட்டான்! என் ஓட்டக்காரன் வந்துட்டான்!"

அந்தப் பெயரை வைத்தது பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் இல்லை, லாக்லன். பெற்றவள் வைத்தாள். இரண்டைப் பறிகொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கையில் பிடித்துக்கொண்டு வைத்த பெயர். அதற்குப் பிறகு அவனைக் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் ஒளித்துவைத்து, சிப்பாய்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து அனுப்பினாளாம். ஊர்க்காரர்கள் நம்மை அந்தப் பெயரில் கூப்பிடுவதில் கேலியும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது காதில் விழும்போதெல்லாம் அந்தக் கிழவியின் குரல்தான் கேட்கும்.

இதைச் சொன்னதால் உன் மகன் துப்பாக்கியைப் போட்டானா என்று எனக்குத் தெரியாது. போட்டிருந்தால் போட்டான். உன் பேச்சுக்கு நான் சளைக்கப் போவதில்லை. 1915ல் நீல் லீவில் வந்தபோது இந்தக் கதையை அவனுக்கு நான் இன்னொரு தடவை சொல்லவில்லை. சின்ன வயதில் கேட்டதுதானே, நினைவிருக்கும் என்று இருந்துவிட்டேன். பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்த்துக் கொடுத்து, "தைரியமா இரு" என்று சொல்லி அனுப்பினேன். எந்த அம்மாவும் சொல்வதைத்தான் சொன்னேன். இன்றைக்கு அவன் புறமுதுகு காட்டி, துப்பாக்கி இல்லாமல், பேர் கெட்டு அந்த ஆற்றோரம் வந்து நின்றால் நான் எப்படிக் கத்துவேன் என்று உனக்குத் தெரியுமா? மல்லேக் துறைமுகம் வரைக்கும் கேட்கும்.

உனக்கு அந்தக் கத்தலைக் கத்த ஒரு பிள்ளை இருக்கிறான். ஒரு நாள் ரயில் பயணம். நீ கதவைச் சாத்திவிட்டு, செத்துப்போகாத ஒருவனைச் செத்தான் என்று கல்லில் வெட்டச் சொல்கிறாய்.

கல்லை நட்டாயிற்று. நல்ல கருங்கல்தான், உன் பணத்துக்கு ஏமாற்றமில்லை. வார்த்தைகள் மட்டும் என்னுடையவை. போட்டோ உள்ளே இருக்கிறது. ஆணியில் மாட்டுவாயோ அடுப்பில் போடுவாயோ, உன் இஷ்டம்.

மார்சலி

*

புது ஆர்ட்லாகன்,
27 ஏப்ரல் 1920

மார்சலி அக்காவுக்கு,

போட்டோ கல்லோடன் நாளுக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. 'பொன்முடி யூவன். 1746 ஏப்ரல் 16 கல்லோடனுக்குப் போனான். வீடு வந்து சேர்ந்தான்.' படித்ததும் என் காதெல்லாம் சூடாகிவிட்டது. உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன், நல்லவேளையாகத் தபால் வண்டி போய்விட்டது.

கூட்டத்துக்குப் போட்டோவைக் கொண்டுபோனேன், ஆனால் மாட்டவில்லை. மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வழியில் கண்ணாடி உடைந்துவிட்டது என்று சொல்வதாக இருந்தேன். பிள்ளைகள் தேதிகளை ஒப்பித்தார்கள். நான் எழுந்து வம்சம் சொல்ல ஆரம்பித்தேன். லாக்லன், ஹியூவின் மகன். ஹியூ, அலஸ்டரின் மகன். அலஸ்டர், இயனின் மகன். அந்த இடத்தில் உன் 1766 வந்து குறுக்கே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா, எனக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. முப்பது வருடமாகச் சொல்கிற வார்த்தை. கூடமே பார்த்துக்கொண்டிருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன்.

டூகல் எழுந்து மேசைக்கு வந்தான். உடம்பு சரியில்லையா என்று கேட்க வருகிறான் என்று நினைத்தேன். அவன் போட்டோவைத் திருப்பினான். அவனுக்கு வாசிக்க நேரமாகும். விரலை வைத்து வைத்து வாசித்தான். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"லாக்லன், ஒன்றரை வருசமா நீயா பேசுவேன்னு காத்துக்கிட்டிருக்கேன். அந்தக் காலைல என் ஆலன் பக்கத்துல நின்னவங்கள்ல உசுரோட இருக்கிறது உன் பையன் ஒருத்தன்தான். என் பிள்ள கடைசியா என்ன சொன்னான்னு தெரிஞ்சவன் இந்த உலகத்துல அவன் ஒருத்தன்தான். அவனக் கொண்டுபோய் எங்க வெச்சிருக்கே? நீ கூட்டிட்டு வரியா, இல்ல நான் போகட்டுமா?"

டூகலுக்காகத்தான் கதவைச் சாத்தினேன் என்று எத்தனை ராத்திரி என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருக்கிறேன். அவனோ அந்தக் கதவு திறக்காதா என்று என் முன் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிறான். இரண்டு முட்டாள் கிழவன்கள், ஒரு சொல் பேசாமல்.

மறுநாளே இருவரும் கிளம்பினோம். வழியெல்லாம் சேறு. ரயிலில் அவன் ரொட்டியை எடுத்தான், நான் பாலாடைக்கட்டியை எடுத்தேன். அந்த மாக்னீல் விதவை கதவைப் பாதி திறந்து, "நீங்க யாரு, எந்த வீடு?" என்று கேட்டாள். அவளும் நம் பேச்சுப் பேசுகிறவள்தான், வம்சம் கேட்காமல் உள்ளே விட மாட்டாள். ஹியூ, அலஸ்டர் என்று ஆரம்பித்தேன். நீளமாகத் தோன்றியது. பிறகு, "ஓட்டக்காரன் வீட்டு லாக்லன்" என்றேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. அவன் இளைத்திருக்கிறான். கண் இமையெல்லாம் கரி. டூகலைப் பார்த்ததும் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். டூகல்தான் முதலில் போய் அவன் தோளைப் பிடித்தான். நான் இரண்டாவதாகப் போனேன். இதை நீ எனக்குச் சொல்லிக்காட்டுவாய் என்று தெரியும், சொல்லிக்காட்டு.

ஆலனைப் பற்றி அவர்கள் இருவரும் திரும்பி வரும்போது ரயில் பெட்டியின் கோடியில் உட்கார்ந்து பேசினார்கள். நான் ஜன்னல் பக்கம் இருந்தேன். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. டூகல் இறங்கும்போது பையனுடைய மூட்டையை அவனே தூக்கிக்கொண்டான்.

ஷோனட் முற்றத்தில் நின்றாள். ஒன்றும் கத்தவில்லை. அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மேசையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றினாள், தலையைத் தடவினாள், மறுபடி ஊற்றினாள். நான் உட்காரப் போனபோது, "நீ வெளியில இரு, நாய்க்குச் சோறு வெக்கணும், அதோட சேந்து உனக்கும் வெக்கிறேன்" என்றாள். ஜூலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

அவன் அதிகம் பேசுவதில்லை. வேலியைச் சரிசெய்கிறான். ராத்திரியில் சில சமயம் கத்துகிறான், ஷோனட் எழுந்து போகிறாள். ஊரில் சிலர் பார்வை சரியில்லை, ஒருவன் கூட்டத் தலைவர் பதவிக்கு வேறு ஆள் பார்க்கலாம் என்கிறான். பார்க்கட்டும். போட்டோவை டூகலே ஆணியில் மாட்டிவிட்டான். கூடத்துக்கு வருகிற பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கூரையின் மேற்கு மூலைக் கயிற்றை மாற்றினாயா என்று அவன் கேட்கச் சொன்னான்.

உன் தம்பி,
லாக்லன்

*

ஆர்ட்லாகன்,
24 மே 1920

அன்புள்ள லாக்லன் தம்பிக்கு,

கயிறு மாற்றியாயிற்று. ஒழுகவில்லை என்று சொல். பசு மட்டும் பிப்ரவரியில் போய்விட்டது.

உன் கடிதத்தை வாசலில் நின்று படித்தேன், பிறகு கடைக்குப் போய்க் கடைக்காரனுக்கும் படித்துக் காட்டினேன். அவன் சர்க்கரைப் பொட்டலத்தோடு கொஞ்சம் தேயிலையும் கட்டிக் கொடுத்தான். நீ இரண்டாவதாகப் போனதை நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. போனாயே, அது போதும். எனக்கு உன் மேல் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, ஆனால் அது உன்னைப் பற்றியது மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது. உன் வீட்டில் கஞ்சி ஊற்றியதைப் படித்த அன்றைக்கு நான் அடுப்பே பற்றவைக்கவில்லை.

கமிட்டிக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். தூணில் இன்னும் ஒரு பெயருக்கு இடம் வைத்திருக்கிறோம், ஏதாவது ஒரு தேதியைச் சொல்லுங்கள் என்றார்கள். ஏதாவது ஒரு தேதி! தேநீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையில் கல்வெட்டுகிறவனைக் கூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யூவன் கல்லில் கீழே நிறைய இடம் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் உளியைக் கீழே வைத்தான். "அம்மா, இது கல்லறையில வெட்டுற வார்த்தை இல்லீங்களே," என்றான். வெட்டு என்றேன். மழை வருவதற்குள் முடித்துவிட்டான்.

உன்னிடம் கேட்காமல் உன் கல்லில் எழுதிவிட்டேன். போட்டோக்காரன் இனி கோடை முடிவில்தான் இந்தப் பக்கம் வருவான், அதனால் கூடத்தில் மாட்டியிருக்கிற போட்டோவுக்குக் கீழே நீயே உன் கையால் எழுதி ஒட்டிவிடு:

'அதே வீட்டு நீல். 1915 செப்டம்பரில் லூஸுக்குப் போனான். இன்னும் வரவில்லை.'

அக்கா,
மார்சலி